கம்பெனி முகவரி யார் பேரில் இருக்கிறது?

சரவணா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ஒட்டிக் கொடுத்தால் நீ படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவாய். அப்புறம் நான் இப்படி ஒன்று எழுதினேன் என்பதற்கே சாட்சி இருக்காது. திறந்தபடியே கூடத்து மேஜையில் வைக்கிறேன், பறக்காமல் இருக்க மேலே சொம்பை வைத்துவிட்டு. அப்பாவுக்கு யாராவது படித்துக் காட்டலாம். உன் அக்கா கலா படிக்கலாம், அவளும் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் சிநேகிதன் பிரகாஷ் வந்தால் அவனும் படிக்கட்டும், அவனுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தாய் என்னென்ன எழுதுவாள் என்று எனக்கும் தெரியும். குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, யாராவது சிரித்துப் பேசினால் உடனே வீட்டு விலாசம் கொடுத்துவிடாதே. அதெல்லாம் போனில் சொல்லிக்கொள்ளலாம். நான் இப்போது கேட்கவேண்டியது ஒன்றுதான். நம் வெல்டிங் கம்பெனியின் இணைய முகவரி, நீங்கள் எல்லோரும் டொமைன் என்கிறீர்களே அது, ஏன் உன் பேரில் இருக்கிறது?

காலையில் இட்லி சாப்பிடும்போது இதையே கேட்டேன். நீயும் ஒரு பதில் சொன்னாய். கறிகாய்க்காரனிடம் இருந்து கல்யாண புரோக்கர் வரை யாரிடமும் பேச்சில் தோற்காதவள் நான், உனக்குத் தெரியும். உன்னிடம் தோற்று, சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உன் பதிலுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் நான் ஏன் இப்படி ஆனேன் என்று உனக்குத் தெரியவேண்டும். நீ என்னை எப்போதும் சந்தேகப் பிராணி என்று கிண்டல் செய்கிறாய். பிறக்கும்போதே நான் அப்படி இல்லை.

நீ பிறந்தது 1991இல். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பெயர் ஊர் உலகத்துப் பத்திரிகையில் எல்லாம் எதனால் வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதற்கப்புறம் பல மாதங்கள் இந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனைப் பார்த்தார்கள், சைக்கிளில் பாத்திரம் விற்க வந்தவனைப் பார்த்தார்கள், பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றவனையும் பார்த்தார்கள். நீ யார், எந்த ஊர், உன்னை இங்கே யாருக்குத் தெரியும் என்று கேள்வி மேல் கேள்வி. அந்தச் சமயத்தில்தான் உன் அப்பா நெடுஞ்சாலை ஓரத்தில் வெல்டிங் ஷெட் போட்டிருந்தார். கேட்டும் கிரில்லும் அடித்துக்கொண்டிருந்தார். ஒரகடத்தில் அப்போது இந்தக் கார் கம்பெனி, லாரி கம்பெனி ஒன்றும் கிடையாது. நீ வயிற்றில் இருந்தாய். கலா இடுப்பில் இருந்தாள். ஊரே யாரையும் நம்பாமல் திரிந்தபோது உன் அப்பா மட்டும் எல்லோரையும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஷெட்டில் அப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார், கஜேந்திரன் என்று. இடம் அவருடையது. வெல்டிங் மிஷின் நம்முடையது. மின்சார இணைப்பு அவர் பேரில் வாங்கியிருந்தது. நான் ஒருமுறை கேட்டேன், மிஷின் நம்முடையதாக இருக்கும்போது மீட்டர் ஏன் அவர் பேரில் இருக்கவேண்டும் என்று. அப்பா சிரித்தார். "பேர்ல இன்னாமே கீது? கரண்ட்டு நம்ப மிஷினுக்குத்தானே வருது?" என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆடி மாதம் கஜேந்திரனுக்கும் அப்பாவுக்கும் மனஸ்தாபம் வந்தது. கஜேந்திரன் தன் மைத்துனனையும் தொழிலில் சேர்க்கவேண்டும் என்றார், அப்பா மாட்டேன் என்றார். அவ்வளவுதான் சண்டை. கஜேந்திரன் சத்தம் போடவில்லை, அடிக்க வரவில்லை, ஷெட்டைப் பூட்டக்கூட இல்லை. என் பேரில் இருக்கும் இணைப்பு எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

லைன்மேன் ஏணியோடு வந்தபோது நான் சாப்பாட்டுக் கூடையோடு அங்கே இருந்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவரை மறித்தேன். கெஞ்சினேன், திட்டினேன், பிள்ளைத்தாய்ச்சி சாபம் விடுவேன் என்றுகூடச் சொன்னேன். அந்த மனுஷர் நல்லவர். ஏணியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "யார் பேர்ல சர்வீஸ் கீதோ அவரே எழுதிக் குடுத்துட்டாரும்மா. நான் இன்னா பண்றது? நீங்க யாரு, அவரு யாருன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல பேரு மட்டும்தான் தெரியும்." அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஃபியூசைப் பிடுங்கினார், மீட்டரைக் கழற்றினார், போய்விட்டார். பாதி ஒட்டிய கேட் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அப்பா கையில் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

அன்றிலிருந்துதான் நான் எதைப் பார்த்தாலும் யார் பேரில் என்று கேட்க ஆரம்பித்தேன். இப்போது இருக்கும் ஷெட்டின் மனை, மீட்டர், போன் எல்லாவற்றையும் நானே நின்று, நானே படித்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் வாங்கினோம். அது நல்லது. ஆனால் அதோடு நிற்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். கலாவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது, அவர் உள்ளே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் வெளியே போய் அந்த பைக் அவர் பேரில்தான் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டு ஆர்.டி.ஓ. புரோக்கரிடம் நம்பரைக் கொடுத்துக் கேட்டேன். அவர் பேரில்தான் இருந்தது. அப்படியும் அன்றைக்கு எனக்குத் திருப்தி இல்லை. வல்லக்கோட்டை முருகன் கோவிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்லும்போதுகூட, ஐயர் சரியாகச் சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள். மீட்டரைக் கழற்றும்போது எதிரில் நின்றவள் நான்தானே.

இந்த டொமைன் விஷயம் எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? அப்பாவுக்குக் கண் மங்கியபிறகு ஷெட்டை எடுத்து நடத்துகிறவள் கலா. டிப்ளமோ முடித்தவுடன் உள்ளே வந்தவள், இன்னும் வெளியே வரவில்லை. கேட், கிரில் எல்லாம் விட்டுவிட்டு, ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் பாகங்களை வைத்துத் தள்ளும் டிராலியும் ரேக்கும் செய்யலாம் என்று சொன்னதே அவள்தான். நீ சென்னையில் பெரிய ஆபீசில் டிசைன் வேலைக்குப் போய்விட்டாய். அதில் எனக்குக் குறை இல்லை. ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் ஆட்கள் கலாவிடம், சும்மா ஜிமெயிலில் கொட்டேஷன் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டோம், கம்பெனி பேரில் முகவரி வேண்டும், அப்போதுதான் வெண்டராகப் பதிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். டிராயிங் வருவது, ஆர்டர் வருவது, சரக்கைத் திருப்பி அனுப்பினால் ஏன் என்று வருவது எல்லாமே அந்த முகவரிக்குத்தான் வரும் என்றார்கள். நீ அப்போது, "அக்கா, நீ ஷெட்டைப் பாரு, இத நான் பாத்துக்கறேன்" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரகாஷைக் கூட்டிக்கொண்டு வந்தாய்.

பிரகாஷை எனக்கு வந்த அன்றே பிடிக்கவில்லை. (பிரகாஷ், நீ படித்தால் கோபித்துக்கொள்ளாதே, முழுசாகப் படி.) ஷூவைக் கழற்றாமல் கூடம் வரை வந்தான். டீயைக் கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டு லேப்டாப்பைப் பாதி மூடினான். நான் உள்ளே போனதும் திறந்தான். மறுபடி வந்தால் மறுபடி மூடினான். மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் மூடவேண்டும்? ஏம்ப்பா, இது யார் பேரில் போகுது என்று கேட்டேன். "அதெல்லாம் ஆன்லைன்ல ஆட்டோமேடிக்கா ஆயிடும் ஆண்ட்டி" என்றான். ஆட்டோமேடிக்காக ஆகும் என்று எவன் சொன்னாலும் எனக்குக் கஜேந்திரன் மீட்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அவன்தான் தன் பேரில் போட்டுக்கொண்டான் என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன். நாளைக்கு அவனுக்கும் உனக்கும் ஏதாவது ஒரு சின்ன மனஸ்தாபம் வந்தால் போதும், ஒரே அமுக்கில் கலாவின் ஷெட்டுக்கு வரும் ஆர்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்தேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய். கலாவிடம் சொன்னால், இருக்கிற வேலையில் இதுவேறயா என்பாள். அதனால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ வெளிநாடு கிளம்புவது உறுதியானதும் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ இங்கே இருக்கும்வரை அவன் பயப்படுவான், நீ போய்விட்டால் யார் இருக்கிறார்கள்? நேற்று மத்தியானம் ஷேர் ஆட்டோ ஏறி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்தரின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஆதார், பான் கார்டு, ரேஷன் கார்டில் பேர் திருத்தம் என்று எனக்கு எதுவென்றாலும் எஸ்தர்தான். கடையில் கூட்டம் இல்லை. நம் முகவரியை ஒரு தாளில் எழுதி நீட்டி, இது யார் பேரில் இருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன்.

"பாக்கலாமேக்கா. கடைசில டாட் இன்-ன்னு நம்ப நாட்டு எழுத்து ரெண்டு போட்டுக்கீதே, இந்த மாதிரி முகவரிக்கெல்லாம் பேரை மறைக்கக் கூடாதுன்னு ரூல்ஸ் கீது. யார் வேணா தேடிப் பாத்துக்கலாம். இன்னாத்துக்குக் கேக்கறே?"

"ஒருத்தன் மேல சந்தேகம்."

"உனுக்கு யார் மேலதான்க்கா சந்தேகம் இல்ல?" என்று சிரித்துக்கொண்டே அவள் தட்டினாள். அது வருவதற்குள் நான் சும்மா இருக்கமாட்டேனே. இதை வாங்க என்னவெல்லாம் காட்டவேண்டும் என்று விசாரித்தேன். பட்டா மாற்ற அலைந்தவள் நான், எத்தனை காகிதம், எத்தனை கையெழுத்து, எத்தனை மேஜை என்று எனக்குத் தெரியும். இதுவும் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். எஸ்தர் சொன்னதைக் கேட்டுத் தலை சுற்றியது. கம்பெனி உன்னுடையதா என்று யாரும் கேட்பதில்லையாம். முதலில் யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத்தானாம். எழுத்து, எண், நடுவில் ஒரு சின்னக் கோடு, அதற்கு மேல் பேரில் எதுவும் வரக்கூடாதாம், கோடும் முதலிலோ கடைசியிலோ நிற்கக் கூடாதாம். கோடு எங்கே நிற்கவேண்டும் என்பதற்குச் சட்டம் வைத்தவர்கள், ஆள் யார் என்று கேட்பதற்கு வைக்கவில்லையே என்றேன். எஸ்தர் தெரிந்தவரைக்கும் சொன்னாள். "ஆளுக்கும் ரூல்ஸ் கீதுக்கா. பேரு, விலாசம், போன், மெயில் எல்லாம் நெசமாக் குடுக்கணும். பொய்யாக் குடுத்தா ரத்து பண்ணிடலாம். வேற யாராவது இது எங்க கம்பெனி பேரு, இவன் கெட்ட எண்ணத்துல எடுத்துக்கினான்னு சொன்னா, அதுக்குத் தனியாப் புகார் குடுத்து நிரூபிக்கணும்." வருஷத்துக்கு வருஷமோ, சில வருஷத்துக்குச் சேர்த்தோ புதுப்பிக்கவேண்டுமாம். புதுப்பிக்கச் சொல்லி ஞாபகப்படுத்தும் தகவல், யார் பேரில் இருக்கிறதோ அவருடைய மெயிலுக்குத்தான் போகுமாம். அவர் பார்க்காமல் விட்டால் கொஞ்ச நாள் தவணை, அப்புறம் அந்தப் பேர் மறுபடி சந்தைக்கு வந்துவிடும், எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறு பேருக்கு மாற்றுவதோ விற்பதோ எல்லாம் அந்த ஒருவர் கையில்தான். மீட்டர் கதையேதான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையில் பேர் வந்தது. எஸ்தர் படிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பிவிட்டாள். பிரகாஷ் என்று இருக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். சரவணன் என்று இருந்தது. உன் பேர். உன் சொந்த மெயில். விலாசம்கூட நம் வீடு இல்லை, ஷெட்டும் இல்லை, சென்னையில் நீ சிநேகிதர்களோடு தங்கியிருக்கும் வீடு. நிறுவனம் என்று ஒரு இடம் இருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. காலியாக விட்டிருந்தாய். கலா பேர் எந்த மூலையிலாவது இருக்குமா என்று மேலே கீழே தேடினேன். "தம்பிதானேக்கா, வெளி ஆளா?" என்றாள் எஸ்தர் ஆறுதலாக. ஆமாம் எஸ்தர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்ம் போட்ட பெண் ஒருத்தி, இன்னா ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஊரில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. உன்னை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அந்தத் திரையில் உன் பேரைத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

பிரகாஷ், உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும், கேட்டுவிட்டேன். ஆனால் அடுத்த முறை ஷூவைக் கழற்றிவிட்டு வா.

இனி காலையில் நீ சொன்ன பதில். நான் மறந்துவிட்டேன் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது என்பதற்காக அப்படியே எழுதுகிறேன். "அக்காவுக்குக் கல்யாணம் ஆகப்போவுது. வேற வூட்டுக்குப் போயிடும். நாளைக்கு அந்த வூட்டுக்காரங்க வந்து கம்பெனி எங்களுதுன்னு நின்னா? ஒரு சேஃப்டிக்குத்தாம்மா என் பேர்ல போட்டேன். நீதானே சின்ன வயசுலேந்து சொல்லிக் குடுத்தே, யாரையும் நம்பாத, எல்லாத்தையும் நம்ப பேர்ல வச்சுக்கன்னு?" நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நீ இவ்வளவு நன்றாகப் படித்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நம்ப பேர் என்று நான் சொன்னபோதெல்லாம் அதில் கலா இருந்தாள் சரவணா. நீ எடுத்துக்கொண்டபோது அவள் எப்படி வெளியே போனாள்?

வேறு வீட்டுக்குப் போகிறவள் என்கிறாய். இந்த வாரம் வேறு நாட்டுக்கே போகிறவன் நீ. அவள் கட்டிக்கொண்டு போகப்போவது நாலு ஊர் தள்ளி, கம்பெனி பஸ் போகிற வழியில். கல்யாணத்துக்கு மறுவாரம் சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிடுவேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையிடம் சொன்னவள் அவள். சரி என்று சொன்னதால்தான் அவரையே கட்டிக்கொள்கிறாள். நீ அங்கே புதுச் சிம் போடுவாய், புது மெயில் வைத்துக்கொள்வாய். பழைய மெயிலுக்குப் புதுப்பிக்கச் சொல்லித் தகவல் வரும், நீ தூக்கத்தில் இருப்பாய், இல்லை மீட்டிங்கில் இருப்பாய். ஒருநாள் காலையில் இங்கே அவள் டிராயிங்குக்காகக் காத்திருப்பாள், வராது. கம்பெனிக்காரன் அனுப்பிவிட்டேன் என்பான். இவள் வரவில்லை என்பாள். லைனில் டிராலி இல்லாமல் வேலை நின்றால் அடுத்த வாரமே வேறு வெண்டரைத் தேடிக்கொள்வார்கள். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். கெட்ட எண்ணம் என்று புகார் கொடுக்க வழி இருக்கிறதாம், ஆனால் எந்த அம்மா பிள்ளை மேல் அப்படி எழுதிக் கொடுப்பாள்? என்னால் முடியாது. அதனால்தான் கேட்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கம்பெனி பேருக்கும் கலாவின் மெயிலுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போ. நீ மாற்றும்போது நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். மாற்றிவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது.

இவ்வளவையும் நேற்று எழுதி முடித்துவிட்டேன். மேஜையில் சொம்புக்கு அடியில் வைத்தேன். நீ பிரகாஷோடு பெட்டி வாங்க தாம்பரம் போயிருந்தாய். நீ திரும்புவதற்குள் நானே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், ஏன் என்று சொல்கிறேன். இனி எழுதுவது இன்று எழுதுவது.

ஷெட்டிலிருந்து முதலில் வந்தவள் கலா. கை கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தாள். "இன்னாம்மா இது, பரீட்சையா? இவ்ளோ எழுதிக்கினு கீறே" என்று கேட்டுக்கொண்டே நின்றபடி படிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை பைக் நம்பர் வந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். பிரகாஷ் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, தாள்களை ஒழுங்காக அடுக்கி, மறுபடி சொம்பை மேலே வைத்தாள். அவள் கத்துவாள், அழுவாள், உன்மேல் கோபப்படுவாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன்.

"எனுக்குத் தெரியும்மா" என்றாள்.

"எப்பலேந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே. வெண்டர் ரிஜிஸ்ட்ரேஷன்ல முகவரி கம்பெனி பேர்லதான் கீதான்னு கேட்டாங்க. தேடிப் பாத்தேன். அவன் பேரு இருந்துச்சு."

"அவனக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா இன்னா சொல்லுவான்? தெரியாமப் போட்டுட்டேன்க்கான்னு சொல்லுவான். அத நம்பறதா வேணாமான்னு நான் ஒக்காந்து யோசிக்கணும். தம்பியப் பத்தி அப்பிடி யோசிக்கப் புடிக்கலம்மா. வுட்டுட்டேன்."

விட்டுவிட்டேன் என்றால் சும்மா விட்டுவிடவில்லை, என் மகளாயிற்றே. கம்பெனி பேரிலேயே வேறொரு முகவரி வாங்கிவிட்டாளாம். நிறுவனம் என்ற இடத்தில் கம்பெனி பேர், கீழே ஷெட்டு விலாசம், ஷெட்டு போன், எல்லாம் அவளே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாள். ஒவ்வொரு கம்பெனியாகப் போய், இனிமேல் டிராயிங்கை இதற்கு அனுப்புங்கள் என்று சொல்லி மாற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசியாக ஒரு கம்பெனி பாக்கி இருந்ததாம், போன வாரம் அதுவும் மாறிவிட்டதாம். உன் பேரில் நீ வைத்திருக்கும் முகவரிக்கு இப்போது ஒரு டிராயிங்கும் வருவதில்லை. நீ அதைப் புதுப்பித்தாலும் சரி, விட்டாலும் சரி, யாருக்குக் கொடுத்தாலும் சரி, ஷெட்டில் ஒரு மிஷினும் நிற்காது. இதையெல்லாம் அவள் ஆர்டர் சரக்கு எப்போது லோடு ஆகும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தோசை ஊற்றட்டுமா என்று கேட்டாள்.

கேட்டதும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஷெட் பிழைத்தது. மகள் ஏமாளி இல்லை, இந்த முறை மீட்டரைக் கழற்ற வருகிறவன் ஏமாந்துபோவான் என்றுகூடப் பெருமையாக நினைத்தேன். அந்தப் பெருமை தோசை வேகும்வரைகூட நிற்கவில்லை. பொங்கலுக்கு முன்னாலிருந்து இவள் இதை வைத்துக்கொண்டு உனக்குச் சோறு போட்டிருக்கிறாள். உன் விசாவுக்கு முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். உனக்கு ஸ்வெட்டர் வாங்க அவள்தான் கடை கடையாக ஏறி இறங்கினாள். நீயும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஷெட்டில் அவளோடு உட்கார்ந்து டிராலி அளவு சரிபார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாய். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நன்றாகத்தான் இருந்தீர்கள். ஒருவரை ஒருவர் நம்பாமலும் இருந்தீர்கள். நீ அவளிடம் கேட்கவில்லை. அவள் உன்னிடம் கேட்கவில்லை. நான் எஸ்தரிடம் போய்க் கேட்டேன்.

அதனால் மேலே நான் கேட்டதை விட்டுவிடு. முகவரியை மாற்றவேண்டாம், நான் நாற்காலி போட்டு உட்காரவும் வேண்டாம். அவளுக்கு இனி அது தேவையில்லை. நீ விமானம் ஏற இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்குக் காலையில் அவள் ஷெட்டுக்குக் கிளம்பும்போது நீயும் கூடப் போ. என்ன பேசவேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், நான் சொல்லித்தந்தது போதும். சேஃப்டிக்குத்தான் போட்டேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தாலும் திரும்பி வந்துவிடாதே, அங்கேயே இரு. நீங்கள் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். வந்து விசாரிக்கவும் மாட்டேன். அவள் மறுபடி உன்னை நம்புகிறாளா என்று தேடிப் பார்க்க எந்தக் கடையிலும் வழி கிடையாது.

அம்மா